பயந்தாங்கொள்ளிக் கொடுவா

கொடுவா மீன்கள் முதன்முதலாக ஒரு மனிதரைக் கண்டு ஓடியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. அந்த மனிதர் மீன் பண்ணைகளைப் பார்வையிட வந்த ஆய்வாளர். நல்ல வெயில். உப்பங்காடு கிராமத்தில் கலியமூர்த்தியின் குளத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்த பலகை மேடையில் உட்கார்ந்து, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, சற்று நேரம் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று தண்ணீரில் காலை விட்டார்.

பண்ணை மீனுக்கு மனித நிழல் என்றால் தீவனம். யார் வந்து நின்றாலும் வாயைப் பிளந்துகொண்டு வரும். அன்றைக்கு வரவில்லை. நாலாயிரம் மீன்களும் ஒரே நேரத்தில் திரும்பி, எதிர் மூலைக்குப் போய், ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. தண்ணீர் உலை போலக் கொதித்தது. பத்துப் பன்னிரண்டு மீன்கள் கரையில் விழுந்து துள்ளின.

"என்னய்யா, உன் மீனுக்கு என்னைப் புடிக்கலையா?" என்றார் ஆய்வாளர்.

"அப்புடியெல்லாம் இல்லீங்க சார். புது ஆளு பாருங்க, கூச்சம்" என்றார் கலியமூர்த்தி.

வெள்ளிக்கிழமை ஆய்வாளரை டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

கலியமூர்த்தி இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. அடுத்த வாரம் ஐஸ் லாரி டிரைவர் கை கழுவக் குனிந்தபோதும் மீன்கள் ஓடின. இரண்டு நாளில் அவருக்கு அம்மை போட்டது. அதற்கடுத்து தீவனக் கம்பெனி விற்பனையாளர். அவர் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் தும்ம ஆரம்பித்திருந்தார். அப்போதுதான் கலியமூர்த்தி கார்குழலிக்குப் போன் செய்தார்.

கார்குழலி மரபணு விஞ்ஞானி. அரியலூர்ப் பக்கத்துப் பெண், முப்பத்து நான்கு வயது. கடற்கரையோரம் இருந்த ஒரு சிறிய ஆய்வு நிலையத்தில் ஏழு வருடமாக ஒரே ஒரு வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுவாவுக்கு ஒரு வைரஸ் நோய் உண்டு. கண்ணுக்கும் மூளைக்கும் போய், மீனை நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றவைத்துக் கொன்றுவிடும். பண்ணைக்காரர்கள் அதைச் சுத்து நோய் என்பார்கள். கலியமூர்த்தியின் குளம் அதில் இரண்டு முறை முழுசாக அழிந்திருக்கிறது. அந்த நோய் தாக்காத மீன் வம்சம் ஒன்றை உருவாக்குவதுதான் அவள் வேலை. அறுபது குடும்பத்துக் குஞ்சுகளை எடுத்து, நோயாளி மீன்களோடு தொட்டியில் விட்டு, பிழைத்தவற்றை மட்டும் இனப்பெருக்கம் செய்தாள். நான்காம் தலைமுறையில், பதினேழாம் குடும்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பிழைத்தன. அந்த எண்ணைப் பார்த்த அன்றைக்குக் கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதாள். பிறகு அந்தக் குடும்பத்தின் நாலாயிரம் குஞ்சுகளைச் சோதனைக்காகக் கலியமூர்த்தியிடம் கொடுத்திருந்தாள்.

இப்போது வந்தவள் இரண்டு நாள் குளத்தங்கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். நோயாளி மீன் கிடந்த தண்ணீரை ஒரு டம்ளர் ஊற்றினாள். மீன்கள் ஓடின. சாதாரணத் தண்ணீரை ஊற்றினாள். தீவனம் என்று ஓடிவந்தன. ஜுரத்தில் கிடந்த டீக்கடைக்காரரின் துண்டை நனைத்தாள். ஓடின. மூன்றாம் நாள் காலை கலியமூர்த்தியிடம் வந்து நின்றாள்.

"ஐயா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். பிழைச்ச மீனை எடுத்து வளர்த்தேனே தவிர, அது எப்படிப் பிழைச்சுதுன்னு பார்க்கல. இதுங்களுக்கு எதிர்ப்பு சக்தி ரத்தத்துல இல்லை. மூக்குல இருக்கு."

"மீனுக்கு மூக்கு இருக்கா?"

"இருக்கு. நோயாளி மீன் வந்தா வாசனை புடிச்சுத் தொட்டியோட மறுபக்கம் போய் ஒட்டிக்கும். கிட்டயே போகாது. அதனால தொத்தாது. நான் பலசாலியைத் தேடினேன். எனக்குக் கிடைச்சது பயந்தாங்கொள்ளி."

"பொழச்சுக் கெடக்குதுல்ல டாக்டரம்மா. அது போதும்."

"மனுசனோட வைரஸும் அதுங்களுக்கு வாசனை அடிக்குது போல. அதுதான் எனக்கே புரியல."

கலியமூர்த்தி யாரிடமும் சொல்லவில்லை, டீக்கடைக்காரரைத் தவிர. துண்டை வாங்கியதற்கு அவருக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

பத்து நாளில் உப்பங்காட்டுக்கு ஷேர் ஆட்டோ விட்டார்கள்.

முதலில் இருமல்காரர்கள் வந்தார்கள். பிறகு இருமல் வருமோ என்று பயந்தவர்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரருக்கு இருமல் இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு. ஒவ்வொருவராகப் பலகையில் உட்கார்ந்து காலை நனைக்க வேண்டும். மீன் கிட்டே வந்தால் கூட்டம் கைதட்டும். ஓடினால் கூட்டமும் ஓடும். சண்டை வராமல் இருக்கட்டும் என்று ஊராட்சித் தலைவி திலகவதி ஒரு யோசனை சொன்னார். கலியமூர்த்தி ஒரு சீட்டில் பெயரெழுதி, 'வந்தது' அல்லது 'ஓடியது' என்று குறித்துக் கொடுத்தால், ஊராட்சி அதில் முத்திரை போடும்.

அதோடு எல்லாம் கைமீறிப் போயிற்று. பள்ளிக்கூடம் ஆண்டு விழாவில் ஆடும் பிள்ளைகளுக்குச் சீட்டுக் கேட்டது. அரிசி ஆலை வேலைக்கு ஆள் எடுக்கச் சீட்டுக் கேட்டது. பஸ்ஸில் முன்பக்க இருக்கைகள் 'வந்தது'காரர்களுக்கு என்று ஆயின. 'ஓடியது' சீட்டுக்காரர்கள் கடைசி வரிசையில் ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டிக்கொண்டு பயணம் செய்தார்கள். நாற்பது பேரோடு ஒரு கட்சிப் பிரமுகர் வந்தார். மீன்கள் ஓடின. கூட்டத்தைப் பார்த்து மிரண்டுவிட்டன என்று உதவியாளர் எல்லோரையும் விலக்கினார். மறுபடி ஓடின. கால்மணி நேர ஆலோசனைக்குப் பிறகு, மீன்கள் பிரமுகருக்கு மரியாதையாக வழிவிட்டன என்று முடிவு செய்யப்பட்டு, சீட்டில் 'ஒதுங்கியது' என்று எழுதப்பட்டது. அப்படி எழுதப்பட்ட ஒரே சீட்டு அதுதான்.

மீன்கள் இளைத்துக்கொண்டே வந்தன.

"ஒரு நாளைக்கு எரநூறு தடவ ஓடுற மீனுக்கு எங்கேருந்து சதை வைக்கும்?" என்று கலியமூர்த்தி கார்குழலியிடம் புலம்பினார். "நாம மீன் வளக்குறமா, கிளினிக் நடத்துறமா?"

கார்குழலி அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் தினமும் இருநூறு பேர் தாமாக வந்து காலை நனைத்து அவளுக்கு விவரம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று குறித்துக்கொண்டே இருந்தாள்.

கலியமூர்த்திக்கு ஒரே மகள், சிவரஞ்சனி. தாய் இல்லாத பெண். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட உடம்பு சரியில்லை என்று லீவு போட்டதில்லை. மயிலாடுதுறையில் கூட்டுறவுச் சங்க எழுத்தராக இருந்த கபிலனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். மண்டபம் பார்த்தாகிவிட்டது. அப்போது கபிலனின் தாய்மாமன், கபிலனையும் உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்கப்படாது. ஊரு ஒலகமே உங்க கொளத்துல வந்து நிக்குது. நம்ம வீட்டுப் பொண்ணும் ஒரு தடவ காலை நனைச்சிருச்சுன்னா எல்லாருக்கும் ஒரு நிம்மதி."

"அவ தெனம் நூறு நோயாளியத் தொடுறவ. அவளுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்ல" என்றார் கலியமூர்த்தி.

"அப்ப என்ன பயம்?"

கபிலன் காலியான காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். சிவரஞ்சனி அவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு "வாங்க, போவோம்" என்று அவளே முன்னால் நடந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் பதினெட்டுப் பேர் கரையில் வரிசையாக நின்றார்கள். சிவரஞ்சனி கொலுசைக் கழற்றி வைத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்து காலை விட்டாள்.

அந்த மாதிரி ஓட்டத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை. மீன்கள் எதிர் மூலைக்குப் போனதோடு நிற்கவில்லை. வலைத் தடுப்பைத் தாண்டிக் குதித்தன. கரையில் ஏறி வயிற்றால் தேய்த்துக்கொண்டு பக்கத்துக் குளத்துக்குள் விழுந்தன. ஒரு மீன் தாய்மாமனின் வேட்டி மடிப்புக்குள் புகுந்துகொண்டது.

எல்லோரும் கலியமூர்த்தியைப் பார்த்தார்கள். சீட்டுப் புத்தகம் அவர் கையில் இருந்தது. அந்தக் கட்சிப் பிரமுகருக்கு எழுதியதுபோல ஏதாவது எழுதியிருக்கலாம். ஆனால் அதுவரை தொள்ளாயிரம் பேருக்கு 'ஓடியது' என்று எழுதிக் கொடுத்து, அழ அழ அனுப்பிவைத்த கை அது. அவருக்கு வேறு எழுதத் தெரியவில்லை. மகள் பெயரை எழுதி, பக்கத்தில் 'ஓடியது' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

சிவரஞ்சனி சீட்டை வாங்கி மடித்தாள். "எழுத்து நல்லாருக்குப்பா" என்றாள். அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

கல்யாணம் நின்றது. அடுத்த வாரம் சுகாதார நிலையத்தில் அவளிடம் ஊசி போட்டுக்கொள்ள ஊரார் மறுத்தார்கள். அவள் வேலைக்குப் போய், நாள் முழுவதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டில் அப்பாவுக்குச் சோறு போட்டு, தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவர் குழம்பு கேட்டால், காதில் விழாதவள்போல இருப்பாள்.

கார்குழலி அவளைத் தேடி வீட்டுக்கு வந்தாள்.

"ரஞ்சனி, கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்குங்க அக்கா. மீனு பாத்தாச்சு, நீங்க மட்டும் ஏன் பாக்கக்கூடாது?"

கார்குழலி தனக்குத் தெரிந்த வைரஸ் அத்தனைக்கும் அந்த ரத்தத்தைச் சோதித்தாள். ஒன்றுமே இல்லை. அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. 'ஓடியது' சீட்டு வாங்கியவர்களில் முப்பது பேரையும் 'வந்தது' சீட்டு வாங்கியவர்களில் முப்பது பேரையும் கெஞ்சிக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தாள். மூன்று வாரம் அவள் ஆய்வு நிலையத்தை விட்டு வெளியே வரவில்லை. வந்ததும் நேராகத் திலகவதியிடம் போய் ஊர்க் கூட்டம் போடச் சொன்னாள்.

"மீன் வைரஸை முகரல" என்றாள் கூட்டத்தில். "ஒரு வைரஸ் உள்ள வந்தா நம்ம உடம்பு அதோட சண்டை போடும். அந்தச் சண்டையில ஒரு பொருள் சுரக்குது. மீன் அதைத்தான் முகருது. யார் உடம்பு நல்லாச் சண்டை போடுதோ, அவங்களைப் பார்த்து ஓடுது. சிலருக்கு நோய் இருந்து, உடம்பு சண்டை போடும். சிவரஞ்சனி மாதிரி ஆளுங்களுக்கு நோய் ஒட்டுறதுக்கு முன்னாலேயே உடம்பு அடிச்சு வெரட்டிடும். தினம் நோயாளிங்களோட இருக்கிறதால அவங்க உடம்பு எப்பவும் ஆயுதத்தோட நிக்குது."

திலகவதி நிதானமாகக் கேட்டார். "அப்ப மீன் கிட்ட வந்தா என்ன அர்த்தம்?"

"ஒரு அர்த்தமும் இல்லை. உடம்பு சும்மா இருக்குன்னு அர்த்தம். சிலருக்கு உள்ள வைரஸ் இருந்தும் சும்மா இருக்கு."

"சும்மா இருக்குறது நல்லதுதான டாக்டரம்மா? எதுக்குச் சண்ட சச்சரவு?"

கூட்டம் கைதட்டியது. தொலைவில் 'ஓடியது'காரர்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சிலிருந்து மட்டும் யாரும் தட்டவில்லை.

ஐப்பசியில் மழையோடு ஒரு ஜுரம் வந்தது. பெயர் வைப்பதற்கு முன்பே அது பாதி ஊரைச் சாய்த்துவிட்டது. 'வந்தது' சீட்டுக்காரர்கள் ஒன்றாகவே உட்கார்ந்து, ஒன்றாகவே சாப்பிட்டு, ஒன்றாகவே பஸ்ஸின் முன்பக்கத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒன்றாகவே படுத்தார்கள். திலகவதி படுத்தார். அரிசி ஆலையில் ஒரு ஆள்கூட இல்லை. பஸ் டிரைவரும் கண்டக்டரும் படுத்துவிட, கடைசி வரிசையில் முகத்தை நீட்டிக்கொண்டு வந்த ஒருவர் முன்னால் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். 'ஓடியது'காரர்களுக்கும் ஜுரம் வராமல் இல்லை. ஒரு நாள் நடுங்கிவிட்டு, மறுநாள் எழுந்து பல் துலக்கினார்கள். ரேஷன் கடையை அவர்கள் திறந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கஞ்சி காய்ச்சினார்கள். சிவரஞ்சனி வீடு வீடாகப் போனாள். ஊசி வேண்டாம் என்று மறுத்தவர்கள் இப்போது பாயில் கிடந்தபடி சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார்கள். யாரிடமும் அவள் பழைய கதை பேசவில்லை. ஊசி மட்டும் சற்று அழுத்தமாக இறங்கியதாகச் சிலர் சொன்னார்கள்.

டீக்கடைக்காரரின் தம்பி இறந்துபோனார். அவர் சீட்டு 'வந்தது'. அதை ஃபிரேம் போட்டுக் கடையில் மாட்டியிருந்தார்கள். மறுநாள் அங்கே ஆணி மட்டும் இருந்தது.

ஜுரம் தணிந்த பதினைந்தாம் நாள் கபிலனின் தாய்மாமன் மறுபடி வந்தார். கம்பளி போர்த்தியிருந்தார். தாம்பாளத்தில் பழமும் பூவும் இருந்தன. பின்னால் கபிலன், பாதியாக மெலிந்துபோய் நின்றிருந்தான்.

"இப்ப எங்க பக்கமெல்லாம் மீன் ஓடுன பொண்ணுதான் வேணும்ங்குறாங்க சம்பந்தி. நாம கையில வச்சுக்கிட்டே விட்டுட்டமேன்னு அக்கா அழுவுது. அந்தச் சீட்டு பத்தரமா இருக்குதுல்ல?"

கலியமூர்த்தி உள்ளே திரும்பிப் பார்த்தார். சிவரஞ்சனி வாசல்படிக்கு வந்தாள்.

"வேணாம்ங்க" என்றாள்.

"காரணம் என்னம்மா?"

"நீங்க காரணம் வச்சிருந்தீங்க, வேணாம்னீங்க. இப்ப வேற காரணம் வச்சிருக்கீங்க, வேணும்ங்குறீங்க. எங்கிட்ட காரணம்லாம் இல்லீங்க. சும்மாத்தான் வேணாம்ங்குறேன்."

கபிலன் அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தான். "என்னை மன்னிச்சுடுங்க" என்றான். அவள் தலையசைத்தாள். சுகாதார நிலையத்தில் நோயாளிகளுக்குத் தலையசைப்பதுபோல.

அடுத்த வாரம் பலகை மேடையில் மறுபடி கூட்டம் சேர்ந்தது. இந்த முறை 'ஓடியது' வாங்க வந்திருந்தார்கள். மீன் ஓட வேண்டும் என்பதற்காக ஒருவர் மூன்று நாள் மழையில் நனைந்துவிட்டு வந்திருந்தார். இன்னொருவர் ஜுரம் வந்த வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். மீன் கிட்டே வந்துவிட்ட ஒரு பெண், சூ சூ என்று காலால் தண்ணீரை உதைத்துவிட்டு, ஓடிவிட்டது என்று சாதித்தாள். கலியமூர்த்தி சீட்டுப் புத்தகத்தை மூடி, இரண்டாகக் கிழித்துக் குளத்தில் எறிந்தார். மீன்கள் தீவனம் என்று ஓடிவந்து, தின்று பார்த்து, துப்பின.

"நாளைக்கிக் காலையில மொத்தத்தையும் புடிக்கப் போறேன்" என்று கார்குழலியிடம் சொன்னார். "அடுத்த தடவ சாதா குஞ்சு குடுங்க. செத்தா செத்துட்டுப் போவுது."

பிடிப்பது சுலபமாக இல்லை. ஆறு மாதம் தினமும் ஓடிப் பழகிய மீன்கள். இழுவலையோடு ஆறு பேர் இறங்கினால், அடியில் புகுந்து பின்னால் வந்துவிட்டன. காலை பத்து மணி வரை இழுத்தும் ஒரு கூடை நிறையவில்லை. ஐஸ் லாரி காத்துக்கொண்டிருந்தது. கலியமூர்த்தி சேறு படிந்த லுங்கியோடு வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். மகளோடு பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது.

"அம்மாடி. நீ வந்து தண்ணியில எறங்குனா போதும்."

சிவரஞ்சனி அவரைப் பார்த்தாள். அவர் எதற்குக் கேட்கிறார் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்த முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கதவில் சாய்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். கலியமூர்த்தியும் சிரித்தார். பிறகு அவர் அழுதார். "அத எழுதியிருக்கக்கூடாது ரஞ்சி, நானு" என்றார்.

"வாங்கப்பா, லாரிக்காரன் நிக்கிறான்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் தெற்குக் கரையில் இறங்கினாள். வடக்குக் கரையில் அப்பாவும் ஆட்களும் வலையை விரித்து நின்றார்கள். அவள் ஒவ்வோர் அடியாக முன்னால் வர, குளத்திலிருந்த கொடுவாக்கள் அவளுக்கு முன்னால் தலைதெறிக்க ஓடி, தாமாகவே போய் வலைக்குள் விழுந்தன. ஆட்கள் ஓவென்று கத்தினார்கள். இடுப்பளவு தண்ணீரில் அவள் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு, மகாராணி மாதிரி நடந்து வந்தாள்.

குளத்தின் நடுவில் நின்றுவிட்டாள்.

"அக்கா, இங்க பாருங்க" என்று கரையில் நின்ற கார்குழலியைக் கூப்பிட்டாள். "ஒண்ணு போவ மாட்டேங்குது."

ஒரு முழ நீளக் கொடுவா ஒன்று அவள் முழங்காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. வாயால் அவள் சேலை ஓரத்தை இடித்தது. எதிரில் வலைக்குள் மற்றவை எல்லாம் துடித்துக்கொண்டிருக்க, அது மட்டும் சாவகாசமாகத் தீவனம் தேடியது.

கார்குழலி ஒரு வாளியை எடுத்துக்கொண்டு செருப்போடு தண்ணீரில் இறங்கி ஓடிவந்தாள். "இந்தக் குளத்துல வைரஸ் இருந்துச்சு ரஞ்சனி. ரெண்டாம் மாசமே நான் பார்த்தேன். நோய் வந்த மீனையெல்லாம் விட்டு மத்தது ஓடித் தப்பிச்சுது. இது ஓடவே இல்லைன்னா, நோயோட கூடவே இருந்து பிழைச்சிருக்கு. ரத்தத்துலயே இருக்கு. ஏழு வருசமா நான் தேடினது இதுதான். இல்லைன்னா..." குனிந்து மீனின் மூக்கைப் பார்த்தாள். "இல்லைன்னா மூக்கு அடைச்ச ஒரு அதிர்ஷ்டக்கார மீன். பார்த்தாத்தான் தெரியும்."

சிவரஞ்சனி குனிந்து இரண்டு கைகளாலும் மீனைத் தூக்கினாள். அது திமிறவில்லை.

"இதோட குஞ்சுங்க என்ன பண்ணும்?"

கார்குழலி பொய் சொல்ல நினைத்து, பிறகு சொல்லவில்லை. "தெரியாது."

சிவரஞ்சனி மீனைத் தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள். கரையில் கலியமூர்த்தி கூடைகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் மீனைக் கார்குழலியின் வாளிக்குள் மெல்ல இறக்கிவிட்டாள்.

"கொண்டு போங்க அக்கா. ஆனா இது யாருகிட்ட வந்துச்சுன்னு மட்டும் எங்கயும் எழுதிடாதீங்க."